ஒட்டுவதற்கு முன்னே துடையுங்கள்



சென்ற சித்திரையில் ஒரு நாள். அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். தம்பி வீட்டு வாசலில் நின்ற காரின் கதவுகள் நான்கும் திறந்து கிடந்தன. தம்பியின் மகன் உள்ளே தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும், "பெரியவாப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான்.

பார்த்தேன். கியர் கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கின்மீது இரண்டு வாரங்களுக்கு முன் அவன் ஒட்டியிருந்த கறுப்பு 'கார்பன் ஷீட்' ஓரமெல்லாம் வாய் பிளந்திருந்தது. நடுவே அப்பளம் பொரிந்ததுபோல் கொப்புளங்கள். விரலால் தொட்டவுடன் தாள் கையோடு வந்துவிட்டது.

அது பழைய கார். முழங்கால் வலியால் நடமாட்டம் குறைந்துவிட்ட தன் உம்மாவை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காக, சேமிப்பையெல்லாம் திரட்டி அவன் வாங்கியது. என்ஜினில் குறையில்லை. உள்ளேதான் முன்னவர் கைபட்ட அடையாளங்கள்: வெள்ளிப் பூச்சு உரிந்த கதவுப் பட்டைகள், கீறல் விழுந்த கன்சோல், கியர் அருகே ஒரு விரிசல். கடையில் கேட்ட கூலி அவன் கைக்கு எட்டவில்லை. தானே ஒட்டலாம் என்று துணிந்தான். துணிந்ததில் தவறில்லை. தன் பொருளைத் தன் கையாலேயே செப்பனிட்டுக்கொள்ளும் பிள்ளையைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் அவன் மடியில் இன்னொரு சுருள் இருந்தது. "இதை எங்கே ஒட்டப் போறே?" என்று கேட்டேன். இடப்பக்க இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டின் அகலமான பகுதியைக் காட்டி, "இதை முழுசா ஒரே தாளா மூடிட்டா அழகா இருக்கும்" என்றான். அந்த இருக்கையில்தான் அவன் உம்மா உட்காருவார். அவன் காட்டிய இடத்தில் ஏர்பேக் என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன.

"அதை மட்டும் தொடாதே. மற்றதை நாம் இருவரும் சேர்ந்து செய்வோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடு" என்றேன். அந்த இரண்டு ஞாயிறுகளில் நாங்கள் செய்ததைத்தான் இந்த மாதம் உங்கள்முன் வைக்கிறேன். வீட்டில் கார் வைத்திருப்போரும், அதை அலங்கரிக்க ஆசைப்படும் பிள்ளைகளைப் பெற்றோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பெயர் கார்பன், பொருள் வினைல்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உண்மையான கார்பன் ஃபைபர் என்பது, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கரி இழைகளைத் துணிபோல் நெய்து, பிசினில் தோய்த்து, சூட்டில் இறுக வைத்த பொருள். எடையில் மிகக் குறைவு, உறுதியில் மிக அதிகம்.

கார்ப் பந்தய உலகில் இதன் பெயரை நிலைநாட்டியது 1981ஆம் ஆண்டு. அவ்வாண்டில் மெக்லாரன் குழு, ஜான் பர்னார்ட் வடிவமைத்த எம்.பி.4/1 என்னும் பந்தயக் காரைக் களமிறக்கியது. ஓட்டுநர் அமரும் உடற்கூடு கார்பன் ஃபைபரால் அமைந்த முதல் ஃபார்முலா ஒன் கார் அது. மோதினால் இது சுக்குநூறாகச் சிதறிவிடும் என்று ஐயுற்றவர்கள் பலர். அதே ஆண்டு இத்தாலியின் மோன்சா களத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய கார் தடுப்பில் மோதியது. என்ஜின் பகுதி பிய்ந்து தனியே போயிற்று. கூட்டுக்குள் இருந்த வாட்சனோ காயமின்றி இறங்கி நடந்தார். ஐயம் கொண்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். அன்றுமுதல் அந்தக் கறுப்பு நெசவின் தோற்றத்துக்கே ஒரு மதிப்பு உண்டாயிற்று.

நாம் கடையில் வாங்குவது அந்தத் தோற்றம் மட்டுமே. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கை மெல்லிய தாளாக்கி, மேலே நெசவு போன்ற வரிகளைப் பதித்து, பின்புறம் பசை தடவி விற்கிறார்கள். கீறலை மறைக்கும், கைபட்டுத் தேயாமல் ஓரளவு காக்கும், கண்ணுக்கு அழகு தரும். உறுதியில் இம்மியும் கூட்டாது. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டலாகாது என்பது தானே விளங்கிவிடும்.

ஒட்டக் கூடாத இடங்கள்

இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கும், 2022 ஜனவரி முதல் முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய கார்கள் பலவற்றிலும் அது உண்டு. மோதல் நிகழ்ந்தால், ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பை ஊதிப் பெருத்து முகத்துக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே வந்து நிற்க வேண்டும். அதற்காகவே, பையை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கின் அடிப்புறத்தில் குறிப்பிட்ட கோட்டில் கனத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டில்தான் அது கிழிய வேண்டும். பல கார்களில் அந்தக் கோடு மேலே தெரிவதே இல்லை.

அதன்மேல் இழுபடும் தன்மையுள்ள தாளை இறுக ஒட்டினால் என்ன ஆகும்? மூடி திறக்கும் விதமும் வேகமும் மாறலாம். கிழிந்த துண்டு முகத்தில் அடிக்கலாம். ஒரு மனிதரின் உயிர் காத்த பொருளின் வெறும் சாயலைக் கொண்டுவந்து, உம்மாவின் உயிரைக் காக்க வேண்டிய பைக்குத் தடையாக்குவதா? தம்பி மகனிடம் இதைத்தான் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. சுருளை மடக்கிப் பின் இருக்கையில் வைத்துவிட்டான்.

ஆகவே, ஸ்டியரிங்கின் நடுமூடி, இடப்பக்க டேஷ்போர்டின் பை மூடி, ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ எழுத்து பொறித்த கம்பப் பட்டைகள், இருக்கைகளின் பக்கவாட்டு ஆகிய எவற்றின்மேலும் தாள் படக் கூடாது. எழுத்து எங்கே இருக்கிறது என்று முதலில் கார் முழுவதும் தேடிப் பாருங்கள். காரோடு வந்த கையேட்டிலும் அந்த இடங்கள் படத்துடன் காட்டப்பட்டிருக்கும்.

வேறு சில இடங்களும் உண்டு. டேஷ்போர்டின் மேற்புறத்தில் பளபளப்பான தாளை ஒட்டினால் வெயில் பட்டு முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்யும். ஸ்டியரிங் வளையத்தில் ஒட்டினால் வியர்வைக் கைக்கு வழுக்கும். பொத்தான்கள், எச்சரிக்கை விளக்கின் விசை, குறியெழுத்துகள் ஆகியவற்றை மூடினால் இரவில் தேடித் தடவ நேரிடும்.

ஒட்டத் தக்கவை எவை? கதவுகளில் கண்ணாடி ஏற்றும் விசைகளைச் சுற்றியுள்ள பட்டை, நடுக் கன்சோல், கியரைச் சுற்றிய சட்டம், ஏர்பேக் இல்லாத பக்கத்து அலங்காரப் பட்டைகள். வழவழப்பானவையும் தனியே கழற்றக் கூடியவையுமே இதற்கு ஏற்றவை. சொரசொரப்பான, தோல் போன்ற வரிகள் பதித்த பிளாஸ்டிக்கில் தாள் மேடுகளின் நுனியை மட்டும் தொட்டு நிற்கும். பள்ளங்களில் காற்றுத்தான் இருக்கும். சில நாட்களில் கழன்றுவிடும்.

இன்னொரு குறிப்பு. பட்டையைக் கழற்றி அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஏ.பி.எஸ். என்றோ பி.பி. என்றோ சிறிய ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். ஏ.பி.எஸ். வகையில் பசை நன்றாகப் பிடிக்கும். பி.பி. என்னும் பாலிபுரொப்பிலீன் எண்ணெய்ப் பசையுள்ள சட்டி போன்றது. எதையும் எளிதில் ஒட்டவிடாது. அதில் ஒட்டுவதானால் ஓரங்களுக்கென விற்கும் பிரைமரைத் தடவியே ஒட்ட வேண்டும்.

எந்தத் தாள்?

வினைல் தாளில் இரு வகை. ஒன்று, பிளாஸ்டிக் மாவைச் சூடான உருளைகளுக்கு நடுவே, சப்பாத்தி தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்து எடுப்பது. இதைக் காலண்டர் வகை என்பர். மற்றொன்று, திரவமாக ஊற்றிப் பரப்பி உலர்த்தி எடுப்பது. இது காஸ்ட் வகை. சப்பாத்தி மாவை இழுத்துவிட்டால் மீண்டும் சுருங்குவதைச் சகோதரிகள் அறிவார்கள். காலண்டர் வகைத் தாளும் அவ்வாறே சூடு படும்போதெல்லாம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தட்டையான இடத்துக்கு அது போதும். வளைவும் மூலையும் உள்ள இடத்துக்குக் காஸ்ட் வகையே தாங்கும்.

விலை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் நமக்குத் தேவைப்படுவது கொஞ்சமே. எங்கள் கணக்கைச் சொல்கிறேன். கதவுப் பட்டைகள் நான்கு, ஒவ்வொன்றும் 35 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூட்டிக்கொண்டால் 45-க்கு 22. கன்சோலுக்கு 35-க்கு 40. கியர்ச் சட்டத்துக்கு 45-க்கு 30. தாள்சுருள் 152 செ.மீ. அகலத்தில் வருகிறது. முதல் வரிசையில் கதவுத் துண்டுகள் மூன்று, அடுத்த வரிசையில் நான்காவதும் மற்ற இரண்டும் என்று அடுக்கினால் 62 செ.மீ. நீளம் போதும். ஒரு மீட்டர் வாங்கினோம். மிச்சத்தை ஒத்திகை பார்க்கவும், கெட்டுப்போன ஒரு துண்டுக்கு ஈடு செய்யவும் வைத்துக்கொண்டோம்.

வாங்கும்போது பசைப்புறத்தைப் பாருங்கள். காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் அமைந்த தாளாக இருந்தால் புதியவர்களுக்குப் பெரிய உதவி. உள்ளே ஒட்டுவதற்குப் பளபளப்புக் குறைந்ததே நன்று.

முதல் ஞாயிறு: கழற்றலும் துடைத்தலும்

முதல் ஞாயிறு முழுவதும் நாங்கள் ஒரு துண்டுகூட ஒட்டவில்லை. தம்பி மகனுக்கு அது பெரும் ஏமாற்றம்!

பட்டைகளைக் காரிலேயே வைத்து ஒட்டுவது அரைகுறை வேலை. கழற்றினால்தான் தாளின் ஓரத்தைப் பின்புறம் மடிக்க முடியும். சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினோம். திருகுகள் சிறு மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்தபின், இரும்புத் திருப்புளியால் நெம்பாமல், தட்டையான பிளாஸ்டிக் நெம்பியால் லாக்குகளை ஒவ்வொன்றாக விடுவித்தோம். கம்பிகள் செருகிய இடங்களைக் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். மஞ்சள் நிறச் செருகிகளைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்குச் செல்பவை. அவற்றை மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும்.

பிறகு, அவன் முதலில் ஒட்டிய தாள் ஏன் உரிந்தது என்று ஆராய்ந்தோம். "ஒட்டுவதற்கு முன் துடைச்சியா?" என்று கேட்டேன். "நல்லா பாலிஷ் போட்டுத் துடைச்சேன், பெரியவாப்பா!" என்றான். அங்கேதான் பிழை! டேஷ்போர்டுக்குப் பளபளப்புத் தரும் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் கலந்திருக்கிறது. எண்ணெய்மேல் எந்தப் பசை பிடிக்கும்? கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. பசைக்கு அது அழுக்கு.

பட்டைகளைச் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினோம். திருகுத் துளைகளிலும் மடிப்புகளிலும் படிந்திருந்த அழுக்கு கறுப்பாகக் கரைந்து ஓடியது. நிழலில் உலர்த்தினோம். உரிந்த வெள்ளிப் பூச்சை அப்படியே விட்டு மேலே ஒட்டினால், பூச்சு கழலும்போது தாளும் சேர்ந்து கழலும். ஆகவே 400 எண் வாட்டர் பேப்பரால் தளர்ந்த பூச்சையெல்லாம் தேய்த்து எடுத்து, 800 எண் தாளால் மெருகிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவும்போது மேடு பள்ளம் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் தாளுக்கு மேலும் அது தெரியும்.

கன்சோலின் விரிசலுக்குப் பின்புறமிருந்து, இரு குழாய்களில் வரும் எபாக்சி பசையைக் கலந்து பூசினோம். முன்புறத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, அதன்மேல் பிரைமர் அடித்தோம். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதன்மேல் நேரே ஒட்டினால் பசை நிற்காது. பிரைமரும் முற்றாக உலர வேண்டும். அதற்குத்தான் ஒரு வார இடைவெளி.

இரண்டாம் ஞாயிறு: ஒட்டுதல்

வெயில் ஏறுமுன்பே, காலையில் தொடங்கினோம். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமே இவ்வேலைக்கு உகந்தது. கடும் வெயிலில் பசை தொட்ட இடத்திலேயே கவ்விக்கொண்டு, எடுத்து ஒட்ட இடம் தராது. மின்விசிறியை நிறுத்தி, அறையைக் கூட்டி, மேசையில் ஈரத் துணி போட்டுத் துடைத்தோம். ஒரு துகள் தூசி தாளுக்கு அடியில் போனாலும் அது கடுகளவு மேடாக என்றைக்கும் நிற்கும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, நூல் உதிராத துணியில் நனைத்து, பட்டைகளைக் கடைசியாக ஒருமுறை துடைத்தோம். ஓரங்களையும் முதுகுப்புற விளிம்புகளையும் இருமுறை. இது தீப்பற்றும் திரவம். துடைத்தது முழுதும் உலர்ந்து, புட்டியை மூடி அப்பால் வைத்த பிறகே சூடு தரும் கருவியை இயக்க வேண்டும். துடைத்த இடத்தை வெறுங்கையால் தொடவும் கூடாது.

தாளை வெட்டுமுன் ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ஒரே திசையில் அம்புக்குறி இட்டோம். நெசவு வரி ஒரு கதவில் மேல்நோக்கியும் மற்றொரு கதவில் பக்கவாட்டிலும் ஓடினால், என்ன குறை என்று சொல்லத் தெரியாமலேயே கண் உறுத்தும்.

துண்டின் பின்தாளை உரித்து, இரு கைகளாலும் இரு முனையையும் பிடித்து, பட்டையின்மேல் மெல்லக் கிடத்துங்கள். நடுவில் விரலால் அழுத்தி, அங்கிருந்து ஓரங்களை நோக்கி, துணி சுற்றிய பிளாஸ்டிக் தகட்டால் தேய்த்துக்கொண்டே செல்லுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தியதன்மேல் பாதி படிய வேண்டும். சுருக்கம் விழுந்தால் பதறாதீர்கள். அந்த இடம்வரை தாளைத் தூக்கி, சிறிது சூடு காட்டுங்கள். சுருக்கம் தானே தளர்ந்து மறையும். மறுபடியும் கிடத்தித் தேயுங்கள்.

சூட்டுக்கு ஹீட் கன் நல்லது. சிறு வேலைக்குத் தலைமுடி உலர்த்தும் கருவியும் உதவும். ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் தாள் உருகும், பட்டையும் நெளியும்.

புதியவர்கள் செய்யும் பெரும்பிழை, தாளை அதிகமாக இழுப்பது. இழுத்தால் சுருக்கம் உடனே மறைகிறது. வேலை முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. ஆனால் இழுத்த இடத்தில் நெசவு வரி கோணலாகி, நிறம் வெளிறி, தாள் மெலிந்துவிடுகிறது. குறிப்பாகக் குழிவான இடங்களில் எச்சரிக்கை வேண்டும். குழியின் மேல் தாளை மேளத்தோல்போல் இறுக்கிவிட்டுப் பிறகு உள்ளே அழுத்தினால், அது நாள்தோறும் மேலே எழும்பப் பார்க்கும். முதலில் குழிக்குள் தளர்வாக இறக்கி ஒட்டிவிட்டு, பிறகு வெளிப்புறம் செல்ல வேண்டும்.

எங்கள் முதல் துண்டு கெட்டுப்போயிற்று. கதவுப் பட்டையின் முனையில் அவன் இழுத்த இழுப்பில் வரிகள் வில்லாக வளைந்துவிட்டன. "இருக்கட்டும் பெரியவாப்பா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். "தினமும் பார்க்கப்போகும் உனக்குத் தெரியும்" என்றேன். சிறிது நேரம் சும்மா இருந்தான். பிறகு தானே சூடு காட்டி உரித்தெடுத்து, வேறு துண்டு வெட்டினான். அடுத்த மூன்று பட்டைகளும் பிழையின்றி அமைந்தன.

ஓரமும் மூலையும்

தாள் உரியத் தொடங்குவது எப்போதும் ஓரத்தில்தான். ஆகவே முன்புறத்தோடு வெட்டிவிடாமல், அரை முதல் ஒரு செ.மீ. வரை பின்புறம் மடித்து ஒட்ட வேண்டும். வெளிமூலைகளில் மிகுதியாகச் சேரும் தாளை, தலையணை உறையின் மூலையை மடிப்பதுபோல் மடித்து, மிகுந்ததைப் பிளேடால் நறுக்கிவிடலாம். உள்மூலைகளில், தாள் பின்புறம் மடியும் இடத்தில் மட்டும் ஒரு சிறு வெட்டு கொடுங்கள். வெட்டு முன்புறம்வரை வந்துவிட்டால் பிளாஸ்டிக் தெரியும்.

லாக்குகள் செருகும் இடத்தில் தாள் படியக் கூடாது. படிந்தால் பட்டை சரியாகப் பொருந்தாது, ஓடும்போது கிரீச்சிடும். விசைகளுக்கான துளைகளில் நடுவே பெருக்கல் குறிபோல் கீறி, நான்கு மடல்களையும் உள்ளே மடித்தால் போதும். பிளேடின் நுனியை அடிக்கடி ஒடித்துப் புதிதாக்குங்கள். மழுங்கிய பிளேடு தாளைக் கிழிக்கும்.

கடைசியாக ஒரு வேலை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாளை இழுத்து வளைத்த இடங்களையும் மடித்த ஓரங்களையும் ஏறத்தாழ 90 டிகிரிவரை சூடாக்கி, துணியால் அழுத்திவிட வேண்டும். அப்போதுதான் தாள் தன் பழைய வடிவத்தை மறந்து புதிய வடிவத்தில் நிலைகொள்ளும். ஆனால் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கே 100 டிகிரி அளவில் இளகத் தொடங்கிவிடும் என்பதை மறவாதீர்கள். சிறு சிறு பகுதியாக, சில நொடிகள் மட்டும் காட்டுங்கள். வெப்பம் அளக்கும் கருவி கிடைத்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சூடு ஏன் இத்தனை முக்கியம்? வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். நாம் முன்னதாகவே அதைவிட அதிகமான சூட்டில் தாளைப் பழக்கிவிட்டால், அந்த வெயில் அதை அசைக்காது. பழக்காவிட்டால், வெயிலே ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக அதைச் சுருக்கி உரித்துவிடும்.

பசை முழு வலிமை பெறச் சில நாட்கள் ஆகும். குறைந்தது ஒரு நாளாவது பட்டைகளை நிழலில் வைத்திருந்துவிட்டு, பிறகு காரில் பொருத்துங்கள். பொருத்தியதும் கண்ணாடி ஏற்றி இறக்கும் விசை, விளக்கு அனைத்தும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு துடைப்பதற்கு ஈரத் துணியே போதும். ஓரத்தில் பாலிஷ் படவேண்டாம். என்றேனும் வேண்டாமென்று தோன்றினால், சூடு காட்டிச் சாய்வாக மெல்ல இழுத்தால் தாள் வந்துவிடும்.

மறைப்பதும் சொல்வதும்

பட்டைகளைப் பொருத்திய அன்று மாலை தம்பியின் மனைவி காரில் ஏறி உட்கார்ந்தார். கதவுப் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "புது வண்டி மாதிரியே இருக்குது மச்சான்" என்றார். அவருக்கு எதிரே டேஷ்போர்டின் அந்தப் பகுதி மட்டும் பழைய சாம்பல் நிறத்தில், இரண்டு கீறல்களோடு, அப்படியே இருந்தது. "இதை மட்டும் ஏன் விட்டுட்டே?" என்று மகனைக் கேட்டார். "அது உங்களுக்காக விட்டது, உம்மா" என்றான். காரணத்தையும் விளக்கினான். நான் சொல்லியிருந்தால்கூட அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றே அவனிடம் இன்னொன்றும் சொல்லிவைத்தேன். கன்சோலின் விரிசல் இப்போது யார் கண்ணுக்கும் தெரியாது. நாளை இந்தக் காரை விற்க நேர்ந்தால், வாங்குபவரிடம் அதை வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். நம் வீட்டில் நாம் பயன்படுத்தும்வரை அது அலங்காரம். விலை பேசும் இடத்தில் குறையைச் சொல்லாமல் விட்டால் அதற்குப் பெயர் வேறு. வியாபாரம் செய்து வாழும் குடும்பங்களில் பிறந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

கோடை கடந்தது, மழையும் வந்துபோனது. இன்றுவரை ஓர் ஓரமும் எழும்பவில்லை. காரைப் பார்ப்பவர்கள் மேலே தெரியும் தாளைத்தான் புகழ்கிறார்கள். அதைத் தாங்கி நிற்பது முதல் ஞாயிறு முழுதும் நாங்கள் கழுவித் தேய்த்த வேலை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நீங்களும் தொடங்குவதானால் சாம்பல் கிண்ணத்தின் மூடி போன்ற சின்னஞ்சிறு துண்டில் தொடங்குங்கள். ஒரு நாளைத் துடைப்பதற்கென்றே ஒதுக்குங்கள். ஏர்பேக் எழுத்துள்ள இடத்தை அதன் கீறல்களோடு விட்டுவிடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.